கண்ணுக்குள் ஒரு நீர்மட்டம்

ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாயில் நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். சொந்த ஊரான ரெங்கத்தில் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே எனக்குக் கிட்டப்பார்வை, தடித்த கண்ணாடி. பவர் கூடினால் கண்ணாடியை மாற்றுவேன். கண்ணாடி சரியாக இருந்தால் கண்ணும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நாற்பத்தாறு வயதில், ஒரு சனிக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வலக்கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று மின்னியது. மழை வரப்போகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். நல்ல வெயில். கொஞ்ச நேரத்தில் கரித்தூளை ஊதிவிட்டதுபோல் கண்முன் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். போகவில்லை. பார்வையைத் திருப்பிய பக்கமெல்லாம் அவையும் நீந்தி வந்தன. வலி இல்லை, அதனால் பயமும் வரவில்லை.

மறுநாள் மாதா கோயில் பூசையில் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. புத்தகப் பக்கத்தின் கீழ்வரிகள் வலக்கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு திரை கீழேயிருந்து ஏறியிருந்தது. பக்கத்தில் நின்ற கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. பூசை முடிந்ததும் நேரே கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார்.

அங்கே கண் பரிசோதிக்கும் சீனப் பெண் நான் சொன்னதைக் கேட்டாள். விளக்கடித்து ஒருமுறை பார்த்தாள். வீட்டுக்குப் போகவேண்டாம், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது என்று மலாயில் சொன்னாள். மின்னல், புள்ளிகள், திரை மூன்றும் வந்துவிட்டால் கண் காத்திருக்காதாம். அவள் குரலில் இருந்த அவசரம்தான் என்னை முதலில் பயமுறுத்தியது.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில், மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். படம் கணினித் திரையில் வந்தது. அந்திவானத்தின் நிறத்தில் ஒரு வட்டம். அதற்குள் செந்நிற ஆறும் அதன் கிளைகளுமாக ரத்தக்குழாய்கள். மேற்பகுதியில் மட்டும் வெளிறிய மடிப்பு, ஈரச்சுவரில் காகிதம் உரிந்து தொங்குவதுபோல. ஒளியை வாங்கும் விழித்திரை அதுதான், மேலே கிழிந்து கழன்றுகொண்டிருக்கிறது என்றார் மலாய்க்கார டாக்டரம்மா. நடுப்பகுதி இன்னும் கழலவில்லை. அதற்குள் ஒட்டிவிட்டால் பார்வையைக் காப்பாற்றலாம்.

மேலே கிழிந்தால் எனக்கு ஏன் கீழே மறைக்கிறது? அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் சந்தேகம். தமிழ் நர்ஸ் ஒருத்தி சொன்னாள்.

"அக்கா, கண்ணு எல்லாத்தையும் தலைகீழாத்தான் வாங்குது. மூளைதான் நிமித்திக் காட்டுது. அதான் மேல கிழிஞ்சா உங்களுக்குக் கீழ மறைக்குது."

பயத்தைக் கொஞ்ச நேரம் மறந்தேன். இத்தனை வருடமாக மாசாய்ச் சாலைகளும் மோட்டார் சைக்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளும் எனக்குள் தலைகீழாக விழுந்து, நான் அறியாமலே நிமிர்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையே அறுவைச் சிகிச்சை. கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் விழித்தே இருந்தேன். ஒன்றும் தெரியாது என்று நினைத்ததற்கு மாறாக, அந்தக் கண்ணே தனக்குள் நடப்பதைப் பார்த்தது. நீலமும் மஞ்சளும் கலங்கிய ஒளிக்குள் மெல்லிய கருநிழல்கள் நுழைந்து, திரும்பி, விலகின. அவை டாக்டரம்மாவின் கருவிகள். வலி இல்லை. செபம் சொல்லத் தொடங்கியவள் பாதியிலேயே மறந்துபோய் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழிசலை லேசரால் ஒட்டி, அது பிடித்துக்கொள்ளும்வரை அழுத்திவைக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். ஒரு வாரம் முகம் குப்புற இருக்கவேண்டும். வாயு கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, மலைக்கும் போகக்கூடாது. உயரத்தில் அது விரிந்து கண்ணைக் கெடுத்துவிடும் என்று எச்சரித்தார்கள்.

வேனை வேறொருவர் பொறுப்பில் விட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் அடுக்கிய தலையணைகளின் விளிம்பில் நெற்றியைப் பதித்துக் கிடந்தேன். நான் பார்த்ததெல்லாம் தரைதான். இரண்டாம் நாள், விடுப்பு எடுத்திருந்த கணவர் பாயை இழுத்து வந்து என் முகத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தார்.

"இப்படிப் பேசலாம். மூஞ்சியாவது தெரியும்," என்றார்.

"முதுகு வலிக்கப்போகுது உங்களுக்கு."

"படுத்திருக்கிறவன் நான், குனிஞ்சிருக்கிறவ நீ. யாருக்குலா வலிக்கும்?"

சிரித்தால் கண் அதிருமோ என்று அடக்கிக்கொண்டேன். அந்த வாரம் நாங்கள் பேசியது பல வருடம் பேசாததையும் சேர்த்து.

தலை நிமிர அனுமதி கிடைத்தபோது வலக்கண்ணில் கலங்கல் மட்டும் இருந்தது. சில நாளில் மேல் விளிம்பில் தெளிந்த கீற்று ஒன்று தோன்றியது. அதற்கும் கலங்கலுக்கும் நடுவே, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிற்பதுபோல் நேர்கோடு. தலையைச் சாய்த்தாலும் அந்தக் கோடு சாயவில்லை. நடந்தால் தளும்பியது. நாளுக்கு நாள் அது கீழிறங்க, மேலே முதலில் கூரை தெரிந்தது, பிறகு மின்விசிறி, பிறகு அவர் முகம். உண்மையில் வாயு என் கண்ணின் மேற்பகுதியில்தான் நின்றதாம். எனக்குக் கீழே தெரிந்ததும் அந்தத் தலைகீழ்க் கணக்கால்தான். கடைசியில் அது சிறு குமிழாகி அடியில் உருண்டு, ஒரு காலை காணாமல் போனது.

பார்வை முழுசாகப் பழையபடி ஆகவில்லை. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் தரையில் பதித்த ஓடுகளின் கோடுகள் லேசாக நெளியும். இடக்கண்ணில் பலவீனமாக இருந்த ஓரிடத்தையும் லேசரால் பலப்படுத்தினார்கள். டாக்டரம்மா சம்மதித்த பிறகே வேனை எடுத்தேன். இப்போது வருடம் ஒருமுறை, கண்ணாடிக்காக அல்ல, கண்ணுக்காகவே போகிறேன்.

எங்கள் மகளுக்கும் தடித்த கண்ணாடி. அவளையும் காட்டும்படி டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அழைத்துப் போனேன். மருந்து விட்டுப் படம் எடுத்தார்கள். குறையொன்றும் இல்லை என்றார்கள். ஆனால் நான் திரையை விட்டு நகரவில்லை. அந்தி நிறத்தில் வட்டம், கிளை பிரிந்து ஓடும் சிவப்பு ஆறுகள். என் வயிற்றில் வளர்ந்தவள். அவளுக்குள் இப்படி ஓர் இடம் இருந்தது எனக்குத் தெரியாது. வெளியே வெயிலில் கண் கூசி அவள் என் தோளைப் பிடித்துக்கொள்ள, இருவரும் மெதுவாக வேனுக்கு நடந்தோம்.