அண்ணன் கொடுத்த ரத்தம்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இத்தகைய நினைவு மலர்களில் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதிக் கடந்துவிடுவது நம் வழக்கம். தங்கையான நான் அப்படி எழுதப் போவதில்லை. அண்ணனுக்கு இருந்தது மனச்சிதைவு நோய்.

அருமனையில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோதுதான், ஆளில்லாத இடத்தில் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லத் தொடங்கினார். வீட்டில் அதைச் செய்வினை என்றார்கள். பழி மேலவீட்டு அத்தை மேல் விழுந்தது. செய்வினை என்றால் கழித்துவிடலாம், பெண்களின் வரன் தட்டிப்போகாது. நோய் என்றால் குடும்பத்து ரத்தத்தையே சந்தேகிப்பார்கள். சித்தப்பாவும் இப்படித் தனியே பேசிக்கொண்டு நடந்தவர்தான் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மருந்து தொடங்குவதற்குள் வருடங்கள் போய்விட்டன. நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மருந்து பிடித்தபின் அண்ணன் வீட்டிலிருந்தபடியே ஊராரின் ஃபேன், மிக்ஸிகளைச் சரிசெய்து கொடுத்தார். அப்போதுதான், இந்நோய் சில குடும்பங்களில் தொடர்வது ஏன் என்று ஆராயும் மருத்துவர்கள் வந்து, அவருடைய ரத்தத்தையும் எங்கள் ரத்தத்தையும் கேட்டார்கள். என் மகளுக்கு வரன் தேடும் நேரம்.

“இப்பம் ஊசி குத்தினா ஊரெல்லாம் அறியும். கல்யாணம் முடியட்டு” என்றார் மாமா.

அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கேட்டார்: “எனக்கு வந்தது இவளுக்க பிள்ளைக்கும் வருமா டாக்டரே?”

“உறுதியா சொல்ல முடியாதுங்க. ஒரே ஒரு ஜீன் காரணமில்ல. பல சின்ன மாற்றங்களும் வாழ்க்கையில நடக்கிறதும் சேரணும். ரத்த உறவுல வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆனா பெரும்பாலானவங்களுக்கு வர்றதில்ல.”

“அப்பம் எடுங்க. இனி எவனாவது செய்வினைன்னு சொன்னா நீங்க பதில் சொல்லணும்.”

அவருக்குப்பின் நானும் மகளும் கை நீட்டினோம். ஆய்வு முடியுமுன்பே மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், இறுதிவரை உடனிருந்த உறவினர்களுக்கும் நன்றி. பழி சுமத்தி நாங்கள் பேச்சை நிறுத்திய பிறகும், பசியோடு வந்த அண்ணனுக்கு மதில் வழியாகக் கஞ்சி கொடுத்தவர் மேலவீட்டு அத்தை. அவரிடம் குடும்பமே மன்னிப்புக் கேட்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். பெண் கேட்டு வந்திருப்பவர்கள் இதைப் படித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“அவியளுக்கும் ஒண்ணு குடுத்து விடுங்கம்மா. அறிஞ்சிட்டு வாறவன் வரட்டு” என்றாள்.

முதல் பிரதி அந்த வீட்டுக்குத்தான் போகிறது.