காலி ட்யூபின் தூக்கம்

மூன்று வருடமாக நான் தூக்கத்தை அளந்துகொண்டிருந்தேன்; அதே மூன்று வருடமாக ஒழுங்காகத் தூங்கியதில்லை. இதில் ஏதோ இடிப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காகச் சேர்ந்திருந்தேன். நம் ரத்தத்தில் சில கொழுப்புகள் இருக்கின்றன. வடைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. துளியிலும் துளியாக இருந்துகொண்டு வலிக்கச் சொல்லும், பசிக்கச் சொல்லும், தூங்கச் சொல்லும். அவற்றில் தூக்கம் வரவழைக்கும் ஒன்றை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், அதாவது மூலக்கூறுகளை எடைபோட்டுப் பிரிக்கிற கருவியில், அளப்பது என் வேலை. முதல் வருடம் தூக்கம் வராதவர்களின் ரத்தத்தைச் சேகரித்தேன். இரண்டாம் வருடம் நன்றாகத் தூங்குகிறவர்களுடையது. இவர்களிடம் அந்தக் கொழுப்பு பல மடங்கு இருந்தது. என் வழிகாட்டி மேடம் என்னைக் கூப்பிட்டு, தன் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் அந்த ஃபிளாஸ்கை அடுத்தவருக்காகத் திறப்பது லேசுப்பட்ட விஷயமில்லை.

ஆர்வக்கோளாறில் என் ரத்தத்தையும் ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். தூங்குமூஞ்சிகளின் பட்டியலில் முதலிடம். மந்தைவெளியில் வீட்டுக்குப் போய், எனக்குத் தூக்கத்துக்குக் குறைவே இல்லை என்று கணவரிடம் சொன்னேன். அப்படியானால் விடிய விடியப் புரளுவது யார் என்று அவர் கேட்டார். கருவி பொய் சொல்லாது என்றேன். எரிகிற என் கண்ணைவிட அந்தக் கருவியை நம்பினேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஆய்வேட்டுக்கான கடைசிக் கூட்டம் விஜயதசமிக்கு மறுநாள். மேடமே நாள் பார்த்துக் குறித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜை. அன்று கருவிகளுக்கு ஓய்வு. ஆனால் எங்கள் கருவியின் பம்பை நிறுத்தினால் மறுபடி நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே எங்களிடம் ஒரு சமரசம் உண்டு: கருவி ஓடலாம், வேலை செய்யக் கூடாது. சந்தனம் குங்குமம் வைத்து, ரத்தம் எதுவும் கொடுக்காமல், வெறும் மெத்தனாலை மட்டும் ஓட்டுவோம். அதற்குப் பெயர் பிளாங்க். அதில் எதுவும் தெரியக் கூடாது. சாமிக்கும் திருப்தி, பம்புக்கும் திருப்தி.

பிளாங்க் எப்போதும் கண்ணாடிக் குப்பியில்தான். அந்த வருடம் குப்பிகளையெல்லாம் கழுவி, பொட்டு வைத்து, பூஜையில் அடுக்கிவிட்டார்கள். அதனால் கருவியை ஓட்டுகிறவர் முந்தின நாளே ஒரு புது பிளாஸ்டிக் ட்யூபில் மெத்தனாலை ஊற்றி வைத்திருந்தார். கண்ணாடி உடைகிறது என்று இரண்டாம் வருடத்திலிருந்து ரத்தத்துக்காக நான் வாங்க ஆரம்பித்த அதே ட்யூப்.

நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது கூப்பிட்டார். கோடம்பாக்கத்துக்காரர், எதற்கும் பதறாத மனிதர். திரையில் என் தூக்கக் கொழுப்பு கோபுரம் மாதிரி நின்றது.

"இங்க பாரும்மா, காலி ட்யூபு நல்லா தூங்கிக்கினு கீது."

பாக்கெட்டைப் பிரித்து இன்னும் மூன்று ட்யூபை ஓட்டச் சொன்னேன். மூன்றும் தூங்கின. ட்யூபை வார்க்கும் அச்சிலிருந்து வழுக்கிக்கொண்டு வர பிளாஸ்டிக்கில் அந்தத் தூக்கக் கொழுப்பையே சேர்ப்பதுண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தூக்கம் வராதவர்களின் ரத்தம் கண்ணாடியில், தூங்குகிறவர்களுடையதும் என்னுடையதும் பிளாஸ்டிக்கில். இத்தனை நாள் நான் அளந்தது மனிதர்களை அல்ல, பாத்திரத்தை.

மேடம் பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். பூஜையும் அதுவுமாகத் திரையை யார் பார்க்கச் சொன்னது என்று முதலில் கோபித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"வேற யார் பார்த்தா?"

கருவியை ஓட்டுகிறவர் வாயைத் திறக்க மாட்டார். கூட்டத்துக்கு இரண்டே நாள். நானும் வாயை மூடிக்கொண்டால் பட்டம் கைக்கு வந்துவிடும். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தேன்.

"நான் பார்த்துட்டேன் மேடம்."

கூட்டம் தள்ளிப்போனது. எல்லோரிடமும் மறுபடி ரத்தம், மறுபடி கண்ணாடிக் குப்பி, குறைந்தது இன்னும் ஒரு வருடம். மேடம் எல்லோருக்கும் பொரி கொடுத்தார். எனக்கு மட்டும் மறந்துவிட்டார்.

மதியம் வீட்டுக்குக் கிளம்பி, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மந்தைவெளி வந்ததும் தெரியாது, மயிலாப்பூர் போனதும் தெரியாது. பிராட்வேயில் கண்டக்டர் சீட்டைத் தட்டி எழுப்பினார்.