பின்பலகையில் நான் இருந்த படகு

தாரா வாத்துச் சுடப் போகிறவர்களை நான் இன்றைக்கும் மதிப்பதில்லை. விடியமுன் எழும்பி, சேற்று நிறத்தில் உடுத்து, பிளாஸ்ரிக் தாராக்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அவற்றைப் பார்த்து உண்மைத் தாராக்கள் ஏமாந்து இறங்கும்வரை புல்லுக்குள் மூக்கு ஒழுகக் குந்தியிருக்கும் மனிதர்களை எப்படி மதிப்பது? ஸ்காபரோவில் எந்தப் பிளாசாவுக்குப் போனாலும் கோழியை உரித்து வெட்டித் தருகிறார்கள். இருந்தும் அப்படிப்பட்ட படகொன்றில் நான் ஒருநாள் ஏறினேன். அதில் இருந்தவர்களில் ஆகக் கேவலமான ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் மனைவியும் வோபர்ன் பக்கம் மகளின் வீட்டில் இருந்தோம். மகளின் வீடு என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். வாடகை கட்டியவர் மருமகன். எங்களைக் கனடாவுக்கு எடுப்பதற்குக் கையெழுத்து வைத்தவரும் அவர். அவர் வாங்கிய அரிசியைச் சாப்பிட்டேன், அவர் வாங்கித் தந்த குளிர்ச்சட்டையைப் போட்டேன், அவரோடு கதைக்கவில்லை.

சண்டை எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பெயர்போன கல்லூரி ஒன்றில் பௌதிகம் படிப்பித்து, உப அதிபராக ஓய்வுபெற்றவன் நான். மகளுக்கு இலண்டனில் ஒரு டொக்டரைப் பார்த்து வைத்திருந்தேன். எனக்கு முன்னரே ரொறன்ரோ வந்து சேர்ந்த மகளோ, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பிரெஸ் மெசினில் நிற்கிற ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அவருடைய தகப்பன் எங்கள் ஊர்ச் சந்தியில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டவர். என் சைக்கிளுக்கும் போட்டிருக்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் ஏதாவது தேவையென்றால் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். "ஹீற்றைக் கொஞ்சம் கூட்டச் சொல்லு." அவர் பக்கத்திலேதான் நிற்பார். "ஓம் மாமா," என்று போய்க் கூட்டிவிட்டு வருவார். தம்பி என்றோ மருமகன் என்றோ நான் அவரை ஒருதரமும் கூப்பிட்டதில்லை. மனதுக்குள் 'உவன்' என்பேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பகலில் மோலில் நாங்கள் வரிசையாகக் குந்தியிருக்கிற ஒரு வாங்கு எங்களுக்கு. முன்னாள் வங்கி மனேஜர், முன்னாள் காணி அதிகாரி, முன்னாள் நான். ஆளுக்கொரு கோப்பியை வாங்கி மத்தியானம்வரை ஆறவிட்டுக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் கட்டியவர்களை நக்கலடிப்போம். "உம்மடை மருமகன் என்ன செய்யிறார்?" என்று யாராவது கேட்டால், "எஞ்சினியரிங் பக்கம்," என்பேன். கேட்டவருக்கு அது பொய் என்று தெரியும். அவர் தன் மருமகனைப் பற்றிச் சொன்னதும் அதே சாதிப் பொய்தான். பஸ் பிடித்து வந்து ஒருவருக்கொருவர் பொய் சொல்லிவிட்டு மறுபடி பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிற ஒரு கூட்டம்.

மருமகன் தன்னோடு வேலை செய்த நியூஃபவுண்ட்லாந்துக்காரன் ஒருவனுடன் பங்குபோட்டு ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கினார். குறுகலான படகு, மூன்று குறுக்குப் பலகை, பின்னால் கையால் பிடித்துத் திருப்புகிற மோட்டர். துவக்கும் லைசன்சும் நாயும் அந்த வெள்ளைக்காரனுடையவை. மருமகன் சுடுவதில்லை, அவருக்குப் படகு ஓட்டுவதில்தான் பைத்தியம். ஊரில் துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்தவர், இங்கே துவக்குக்காரனைத் தேடிப் பிடித்துக் கூட்டுச் சேர்ந்திருக்கிறார் என்று மனைவிக்குச் சொன்னேன், அவருக்குக் கேட்கும்படியாக.

மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் பின்னேரம் என் கட்டிலில் வந்து இருந்தாள்.

"பிள்ளை பிறக்கமுன்னம் நீங்கள் அவரோடை ஒரு வார்த்தை நேராக் கதைக்கவேணும் அப்பா. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"என்னத்தைக் கதைக்கிறது? பஞ்சரைப் பற்றியோ?"

அவள் கோபப்படவில்லை. "சனிக்கிழமை உங்களைப் போட்டிலை கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுறார். நாலு நாளா அதைப்பற்றித்தான் கதை. ஒருக்காப் போயிட்டு வாங்கோ. உங்கடை வாயாலை 'தம்பி' எண்ட ஒரு சொல்லுக்குத்தான் அவர் காத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அது வேணும்."

போகிறேன் என்றேன். கதைப்பேன் என்று சொல்லவில்லை.

நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில், ஆழமில்லாத, சேறும் நாணலுமான ஏரி. சீமெந்துச் சரிவில் படகை இறக்கிவிட்டு மருமகன் சாமான் ஏற்றத் தொடங்கினார். பிளாஸ்ரிக் தாரா இரண்டு சாக்கு, ஒளிந்திருக்க வலை, துவக்குகள், பெற்றோல் தாங்கி. இவ்வளவும் எல்லோரும் கொண்டுபோவது. அதற்கு மேலே எனக்கென்று ஒரு மடக்குக் கதிரை, இரண்டு கம்பளி, நான் ஆறின தேத்தண்ணி குடிக்கமாட்டேன் என்பதால் காஸ் அடுப்பும் கேத்திலும், மனைவி கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் ஒரு பெரிய கூலரில், சேற்றில் கால் வைக்காமல் இறங்கி நடக்க இரண்டு பலகைத் துண்டு. நியூஃபவுண்ட்லாந்துக்காரன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு இங்கிலிஷில் கேட்டான்: "கிழவர் அங்கேயே குடியிருக்கப் போறாரா?"

"என்ரை மாமனார்," என்றார் மருமகன், அதுவே முழு விளக்கம் என்பதுபோல.

படகில் பின்பலகைதான் நனையாத இடம். முன்னுக்கு இருப்பவனுக்குத் தண்ணீர் தெறிக்கும். அங்கே ஈர நாயும் கிடந்தது. ஆகவே என்னைப் பின்பலகையில், மோட்டரைப் பிடிக்கும் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். கம்பளியை என் முழங்காலில் போர்த்திவிட்டார். நான் அக்காலத்தில் நல்ல பாரமான மனிதன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பௌதிகம். இத்தகைய படகு மெதுவாகப் போகும்போது தண்ணீரை உழுதுகொண்டு போகும். வேகம் கூடினால், தான் கிளப்பிய முன்னலையின் மேல் தானே ஏறி, தண்ணீருக்கு மேலே வழுக்கி ஓடவேண்டும். ஏறிவிட்டால் பாரம் பாரமாக இராது. பின்னுக்குப் பாரம் மிஞ்சினால் பின்புறம் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். மோட்டர் எவ்வளவு கத்தினாலும் அந்த அலையை ஏறிக் கடக்காது. மருந்து ஒன்றுதான். பின்னுக்கு இருக்கும் பாரத்தை முன்னுக்குக் கொண்டுபோகவேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் கீறிக் காட்டிய கணக்கைவிட இது லேசானது.

மருமகன் மோட்டரை முழுதாகத் திருகினார். மூக்கு எழும்பியது. எங்களுக்கு முன்னால் ஏரி மறைந்து நாயின் பின்புறம்தான் தெரிந்தது. படகு மூக்கைத் தூக்கியபடியே உழுதது. வேகத்தைக் குறைத்தார். சாக்குகளை மூக்குக்குத் தள்ளினார்கள். மறுபடி திருகினார். அதே கதை. கூலரும் அடுப்பும் முன்னுக்குப் போயின. நியூஃபவுண்ட்லாந்துக்காரன் நடுப்பலகையிலிருந்து போய் நாயோடு ஒட்டிக் குந்தினான். படகு ஒருகணம் எழும்பப் பார்த்துவிட்டு மறுபடி பின்பக்கமாகக் குந்திவிட்டது.

கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. எங்களைத் தாண்டி வேறு படகுகள் எழும்பி ஓடின.

"ஐயா ஒருக்கா நடுவுக்கு வந்தால் சரி," என்றான் முன்னுக்கு இருந்தவன்.

"அவரை விடு," என்றார் மருமகன். "வேறை ஏதாவது செய்வம்."

நான் இங்கிலிஷில், முன்னுக்கு இருந்தவனைப் பார்த்துச் சொன்னேன்: "உமது நண்பருக்குப் படகு ஓட்டத் தெரியாதென்றால் கரையிலேயே சொல்லியிருக்கலாம்."

அவன் என்னையும், எனக்கு அருகில் தோள் முட்ட இருந்த மருமகனையும் மாறிமாறிப் பார்த்தான். "அவர் உனக்குப் பக்கத்திலே இருக்கிறாரே," என்றான். மருமகன் சிரிக்க முயன்றார்.

எனக்குத் தெரியும். முதல்தடவை மூக்கு எழும்பியபோதே தெரியும். எழும்பி இரண்டு எட்டு வைத்தால் அந்த மனிதருடைய நாள் நல்ல நாளாகியிருக்கும். அவர் என்னை எழும்பச் சொன்னால் மரியாதை தெரியாதவன், சொல்லாமல் விட்டால் மொக்கன். இரண்டில் எது நடந்தாலும் நான் வெல்வதற்கு ஆயத்தமாகத்தான் கம்பளிக்குள் இருந்தேன்.

நடைவேகத்தில் உழுதுகொண்டு போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. நல்ல இடங்களில் மற்றவர்கள் இருந்தார்கள். தாராக்கள் வந்து போன நேரமும் முடிந்திருந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்காரன் தூசணத்தைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு இரண்டே இரண்டைச் சுட்டான். மருமகன் நாணலுக்குள் என் கதிரையை விரித்து, தேத்தண்ணி போட்டுத் தந்து, "குளிருதோ மாமா? காலுக்கு இன்னொண்டு போடவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா என்று அவரே கண்டுபிடிக்கட்டும்.

மத்தியானம் திரும்பும்போது காற்றுப் பிடித்தது. எங்களுக்குப் பின்னாலிருந்து அலை வரத் தொடங்கியது. பழையபடி பின்பக்கம் தாழ்ந்து உழுதுகொண்டிருந்த படகுக்குள், மோட்டருக்குப் பக்கத்தால் ஓர் அலை ஏறி ஊற்றியது. கணுக்கால்வரை தண்ணீர். இரண்டாவது அலை என் முதுகில் அடித்தது. நியூஃபவுண்ட்லாந்துக்காரன் கேத்திலால் அள்ளி ஊற்றினான்.

"மாமா, எழும்பி முன்னுக்குப் போங்கோ."

நான் அசையவில்லை.

"மாமா. இப்ப. குனிஞ்சு, தவண்டு போங்கோ, நிமிராதேங்கோ."

அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது, அதுதான் உண்மை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, தாராச் சாக்குகளுக்கு மேலால் தவழ்ந்து போய், நாய்க்குப் பக்கத்தில் விழுந்தேன். அது என் காதை நக்கியது. பின்னால் மோட்டர் முழுதாகக் கத்தியது. மூக்கு எழும்பியது, பிறகு நான் எதிர்பாராத மெதுமையோடு இறங்கியது. சத்தம் மாறிற்று. அடியில் தண்ணீர் தகரத்தில் சரளைக்கல் போல் ஓடிற்று. அலைகளை நாங்கள் முந்திக்கொண்டு போனோம். இவ்வளவு சாமானோடும் மூன்று ஆளோடும் நாயோடும் அந்தக் குப்பைப் படகு ஒன்றுமே ஏற்றாததுபோல வழுக்கி ஓடியது.

நான் சந்தோஷப்பட்டேன். அதையும் ஒளிக்கப்போவதில்லை.

"பாத்தீங்களோ மாமா," என்று பின்னாலிருந்து மருமகனின் சத்தம் வந்தது. சிறுபிள்ளைபோலச் சிரித்தார். "பாத்தீங்களோ எப்பிடிப் போகுதெண்டு."

திரும்பி ஒரு சொல் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திராது. தெறித்த தண்ணீரைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே கரையைப் பார்த்தபடி இருந்தேன்.

வீட்டில் மகள்தான் கதவைத் திறந்தாள். சேறு பிடித்த என் முழங்காலைப் பார்த்து, "என்னப்பா இது?" என்றாள்.

"உன்ரை மனுசன் என்னை நாயோடை இருத்தினவர்," என்றேன். "தவண்டு போகச் சொன்னவர்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதற்காகவே அப்படித் தெரிந்தெடுத்துச் சொன்னேன்.

மகள் அவரைப் பார்த்தாள். "அப்பாவையோ?"

அவர் கூலரை நிலத்தில் வைத்தார். காலையிலிருந்து நடந்ததை அவர் சொல்லியிருக்கலாம். நான் கல்லுமாதிரிப் பின்பலகையில் இருந்ததையும், தங்களுடைய நாள் அதனால் வீணானதையும் சொல்லியிருக்கலாம். "ஓம். அப்பிடித்தான்," என்றுவிட்டு வெளியே நின்ற வான் வண்டிக்குப் போய்விட்டார். அன்று இரவும் அடுத்துவந்த நாட்களும் அவர்கள் இருவருக்குமிடையில் கதை இல்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு கிழமை கழித்து நியூஃபவுண்ட்லாந்துக்காரன் தன் சாக்குகளை எடுக்க வந்தான். வாசலில் நின்று மகளோடு கதைகொடுத்தான். அறைக்குள் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "உன் தகப்பனார் பரவாயில்லையா? கடைசியில் அவர் முன்னுக்கு வந்ததாலேதான் தப்பினோம். காலமையே நான் கேட்டேன், உன் மனுசன் விடேல்லை. அவருக்கு வயசு, நனையக்கூடாது எண்டான்."

மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"போட் ஏன் எழும்பேல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதோ அப்பா?"

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"வெளிக்கிட்ட நேரம் தொடக்கம்."

அவள் ஏசவில்லை. பதில் பிழையென்று கண்டும் திருத்த விருப்பமில்லாத ஆசிரியர்போலத் திரும்பிப் போனாள்.

பிள்ளை பிறக்கமுன் அவர்கள் மல்வேர்னில் ரவுண்ஹவுஸ் என்கிற வரிசைவீடொன்றுக்குப் போனார்கள். நானும் மனைவியும் முதியோர் அப்பார்ட்மென்ற் ஒன்றுக்கு வந்தோம். மருமகன் எங்களைக் கைவிடவில்லை. மாதாமாதம் அரிசி மூட்டையைத் தோளில் கொண்டுவந்து குசினியில் வைப்பார். "மாமி, வேறை ஏதும் வேணுமோ?" என்பார். என்னைப் பார்த்து, "வாறன் மாமா," என்பார். எல்லாம் சரியாக இருக்கும். என் வாயிலிருந்து ஒரு சொல்லுக்கு ஆசைப்படுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அதை நான் உடனே கண்டுபிடித்தேன். அத்தனை காலம் அந்த ஆசையைப் பார்த்துத்தானே இளக்காரப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கண் ஒப்பரேஷனுக்கு என்னை அவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். முன் சீற்றில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மனைவி வரவில்லை, வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"தம்பி," என்றேன்.

அவர் சிக்னல் லைற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்கோ மாமா."

வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் கேட்பதுபோல அவ்வளவு நல்ல மரியாதையோடு கேட்டார். அன்றைய படகைப் பற்றிச் சொல்வதற்கு நான் இரவெல்லாம் வசனம் கட்டி வைத்திருந்தேன். நன்றாகப் படித்தவன், வசனம் நன்றாகவே வந்திருந்தது. அதில் ஒன்றையும் அந்தக் குரலுக்கு முன்னால் வைக்க முடியவில்லை.

"ஒண்டுமில்லை," என்றேன்.

"பெல்ற்றைப் போடுங்கோ மாமா," என்றார். போட்டேன். லைற் பச்சையானது.