விளம்பரத்துக்குப் பின்னால் யானை

தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்துக்கு யானை வரும். சாயங்காலம் மனைவி மோட்டார் போடப் போனால், நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் தோட்டத்துக் கேமராவைப் பார்த்து, யானை தெரிந்தால் போனில் சொல்ல வேண்டும்.

அன்று வள்ளிக்கும்மி வீடியோக்களை இறக்கிவைக்க ஓர் இலவச மென்பொருள் தேடினேன். கிடைத்தவற்றில் பச்சைப் பொத்தான் பெரிதாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். போட்டதுமே திரை முழுக்க விளம்பரம். ஒன்றை மூடினால் இரண்டு முளைத்தன. கேமரா படம் அடியில் மறைந்துவிட்டது. போன் அடித்தேன்; அவள் எடுக்கவில்லை.

பதறி ஓடினேன். "சாந்தி! ஊட்டுக்கு வா!"

வாய்க்கால் ஓரம் நின்றவள் திரும்பினாள். "ஏனுங்க கத்தறீங்க? நீங்க கேமராவப் பாத்துட்டிருக்கீங்கன்னுதான் தைரியமா நிக்கறேனுங்க."

அவளுக்குப் பின்னால் வாழை முறியும் சத்தம் கேட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

அவளுடைய அந்தத் தைரியத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.