பத்துக் கோடியில் பாதி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதைவிட மோசம், வந்த கோபத்தை நியாயம் என்று நம்பிவிடுவேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருபது வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அத்தனை வருடமும் என் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. அணுக் கணக்குகளில் லட்சம், கோடி என்று எழுதக் கூடாது, பத்தின் அடுக்கில்தான் எழுத வேண்டும். கோடி என்று எழுதினால், விடை சரியாகவே இருந்தாலும் சிவப்பு மையில் ஒரே இழுப்பு. "இது ஆட்டுச் சந்தை இல்ல" என்பேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆடு வளர்க்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

போன பொதுத்தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தேன். சித்திரை வெயில். கரிசலிலிருந்து வரும் காற்று அனலாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கும், மூடினால் ஆள் வெந்துபோவோம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. திருத்திய தாள்கள் எங்கள் மேசைக்குப் பொறுப்பான முதன்மைத் தேர்வாளரிடம் போகும். அவர் கையெழுத்துப் போட்டதும் கட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடும். அங்கே மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் முடிந்தது கதை.

இந்த முகாம்களில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. எழுத்துத் தேர்வில் பதினைந்து வாங்கினால்தான் தேர்ச்சி. பதின்மூன்றிலோ பதினான்கிலோ ஒரு தாள் நின்றுவிட்டால் அதற்குப் பார்டர் தாள் என்று பெயர். அதைத் தனியே ஒதுக்கி வைத்து, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்ப்பார்கள். எங்காவது விட்டுப்போன அரை மதிப்பெண் கிடைக்காதா என்று தேடுவார்கள். நான் தேட மாட்டேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அன்று காலைக் கட்டில் ஒரு தாள் பதினான்கில் நின்றது. முதன்மைத் தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரும்ப ஒருமுறை பார்த்தாயிற்றா என்று கேட்டார். பார்த்தாயிற்று, ஒன்றும் தேறாது என்றேன். பார்க்கவில்லை. அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மதிய இடைவேளைக்கு மணி அடித்ததும் செல்போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேப்பமரத்தடியில் சாப்பாட்டைத் திறக்கும்போது என் மனைவி கூப்பிட்டாள். அவள் வீட்டில் மிஷின் போட்டு, புதியம்புத்தூரிலிருந்து வரும் நைட்டி, சுடிதார் தைத்துக் கொடுக்கிறாள். அவளுடைய கணக்கு இஞ்சும் நூலும்தான். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். அந்த முறை வந்த அளவுச்சீட்டு சென்டிமீட்டரில் இருந்ததாம்.

"மடிப்பு நாலு சென்டிமீட்டர்னு எழுதியிருக்காவ. நம்ம கணக்குல எம்புட்டு?"

"ஒண்ணரை இஞ்சு வை. அரை நூல் கூட விடு."

சரி என்று வைத்துவிட்டாள். அவள் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. நானும் தசமப் புள்ளி போட்டுச் சொல்லவில்லை. சொன்னது சரி, துணி ஒழுங்காக மடியும், அவ்வளவுதான். ஒரு கவளம் தயிர்சோறு எடுத்து வாயில் வைத்தேன். அடுத்த கவளத்தை எடுக்கவில்லை.

ஏனென்றால் அந்தப் பதினான்கு மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று சென்டிமீட்டரில் தொடங்கியிருந்தது. அணு ஒன்றின் விட்டம் இரண்டு ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு எத்தனை அணுக்களை வரிசையாக வைக்கலாம்? ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. விடைக்குறிப்பில் ஐந்து பெருக்கல் பத்தின் அடுக்கு ஏழு என்று இருந்தது. அந்தப் பிள்ளை அடுக்கே போடவில்லை. ஒரு சென்டிமீட்டர் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம், ஒரு அணுவுக்கு ரெண்டு, ஆகவே ஐந்து கோடி அணுக்கள் என்று மூன்றே வரி. நான் அடுக்கைத் தேடினேன், காணவில்லை, இழுத்துவிட்டேன். பத்தின் அடுக்கு ஏழு என்றால் கோடிதான். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். இருபது வருடம் பாடம் எடுத்தவனின் கண்ணுக்குத் தெரியவில்லை.

மணி ஒன்று நாற்பது. இரண்டு மணிக்குக் கணினியில் ஏற்றத் தொடங்குவார்கள். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன். ஐம்பது வயதில், வேட்டி தடுக்க, அந்த வெயிலில் ஓடியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது பயம் மட்டும்தான் இருந்தது. வாசலில் பொறுப்புக்கு இருந்த அம்மா, முதன்மைத் தேர்வாளர் கூட வந்தால்தான் கட்டைத் தொடவிடுவேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் செய்ததுதான் சரி.

முதன்மைத் தேர்வாளர் தன் மேசையில் கையைத் தலையணையாக வைத்துக் கண்ணை மூடியிருந்தார். எழுப்பினேன். காலையில் நான் சொன்னது பொய், அந்தத் தாளைத் திரும்பப் பார்க்கவே இல்லை என்று நின்றபடியே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. விடைக்குறிப்பை எடுத்து விரல் வைத்து வாசித்தார். அடுக்கு இல்லாமல் எழுதினால் மதிப்பெண் கொடு என்று இதில் எங்கே போட்டிருக்கிறது என்றார். கொடுக்காதே என்றும் போடவில்லையே என்றேன். ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் ஐந்து போட்டு ஏழு சைபர் எழுதிக் காட்டினேன். அவர் பேனா முனையால் ஒவ்வொரு சைபராகத் தொட்டு எண்ணினார். நடுவில் விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணினார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"ஏழுதான். ஆனா சார், ஒங்க வகுப்புல கோடின்னு எழுதுனா முட்டை போடுவீங்கன்னுல்லா கேள்விப்பட்டேன்?"

ஆமாம் என்றேன்.

இருவருமாகப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. எண் எனக்கு நினைவில்லை. பிள்ளையின் எழுத்தை வைத்துத்தான் தேடினேன். என் கட்டின் முதல் இரண்டு தாள்களை ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள். மூன்றாவதாக மேசையில் விரித்து வைத்திருந்தது அந்தத் தாள். ஊதா மை, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. பூஜ்யத்தை அடித்து இரண்டு என்று எழுதி, பதினான்கை அடித்துப் பதினாறு என்று எழுதினேன். அவசரத்தில் ஆறு சரியாக விழவில்லை, பக்கத்தில் எழுத்தாலும் எழுதச் சொன்னார்கள். முதன்மைத் தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். அது யார் பிள்ளை, எந்த மாவட்டம், எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

திரும்பி வரும்போது அவரிடம், முந்தின நான்கு நாள் கட்டுகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அதெல்லாம் போயாச்சு சார் என்றார். எத்தனை கோடிகளை அடித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அடித்த கை அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

தேர்வு முடிவு வந்த அன்று எங்கள் பள்ளியில் இயற்பியலில் ஒரே ஒரு பிள்ளை தவறியிருந்தது. எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண். பதின்மூன்று. தவறினால் அடுத்த வாரமே தையல் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மதியம் பள்ளிக்குத் தனியாக வந்தாள். அழவில்லை. துணைத்தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், அதை எழுதும் வரைக்கும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வைக்க முடியுமா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். அப்புறம் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த அணுக் கேள்விக்கு என்ன எழுதினாய் என்றேன்.

"மொதல்ல அஞ்சு கோடின்னு எழுதுனேன் சார். கோடின்னா நீங்க அடிப்பீங்கள்லா. அதான் நானே அடிச்சுட்டு அடுக்குல எழுதுனேன்."

"அடுக்கு எத்தனை போட்ட?"

"எட்டு."

பத்தின் அடுக்கு எட்டை இரண்டால் வகுத்து, பத்தை ஐந்தாக்கிவிட்டு அடுக்கைக் குறைக்க மறந்திருக்கிறாள். இரண்டு மதிப்பெண் அங்கே போயிற்று. அந்த இரண்டும் இருந்தால் பதினைந்து.

"பத்துக் கோடியில பாதி எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அஞ்சு கோடி" என்றாள், கண் இமைக்காமல். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இனிமே அப்படியே எழுதலாமா சார்?"

எழுது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தாள் என்னைப் போல ஒருவர் கையில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் வந்தது. கோடியிலும் எழுது, அடுக்கிலும் எழுது, ரெண்டையும் எழுது என்றேன். சரி சார் என்று தலையாட்டிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.