எந்த ராஜி?

எங்கள் கூட்டணி உடைந்தது, கூட்டணி உடையாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தந்த பயிற்சியில்தான்.

நாங்கள் மூன்று பேர். கொச்சி ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில், தும்மலோடு தும்மலாக, மசாலா வியாபாரிகளுக்குச் சரக்கு நிலவரம் காட்டும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். புரோகிராம் எழுதியது ஆலுவாக்காரன். வியாபாரிகளைப் பேசிப் பிடித்தது கோயம்புத்தூர்க்காரன். அவனுக்கு மலையாளம் அரைகுறை. நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழன், வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். என் பதவிக்குப் பெரிய பெயர் இருந்தது. உண்மையில் நான் அவர்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளன்.

களமசேரியில் எங்களைப் போன்ற ஸ்டார்ட்அப்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. அடி விழுந்தாலும் குழு சிதறாமல் தாக்குப்பிடிக்கக் கற்றுத்தருவார்களாம். கூட்டாளியிடம் பிடிக்காத ஒன்றைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதச் சொன்னார்கள். மூன்றே பேர் இருக்கிற குழுவில் பெயர் எதற்கு? பயிற்சியாளர் உரக்க வாசித்தார்: "செய்யாத வேலையை முடிந்துவிட்டது என்பான்." அடுத்த சீட்டு: "முடிந்த வேலையைக்கூட முடியாது என்பான்." மூன்றாவது சீட்டில் "ஒன்றுமில்லை" என்று இருந்தது. அது நான் எழுதியது. என்னைப் பற்றி யாருமே எழுதவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகச் சண்டை போட்டார்கள். பத்து நாள் பொறுத்த ஆலுவாக்காரன், கோயம்புத்தூர்க்காரன் வெளியே போயிருந்த நேரத்தில் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான்.

"மதியாயி. நாளெ ராவிலெ சாயாக்கடையில் வெச்சு ராஜி. அவனோடு பறஞ்ஞேக்கு."

போதும் என்றுவிட்டான். மலையாளத்தில் ராஜி என்றால் வேலையை விட்டு விலகுவது. அவன் போனால் செயலியும் போச்சு, கம்பெனியும் போச்சு. இதற்காக நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவன் நான். போகாதே என்று அவனிடம் கெஞ்சியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. கோயம்புத்தூர்க்காரன் வந்ததும், சொல்லச் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில சாயாக்கடையில வச்சு ராஜின்னு சொல்லச் சொன்னான்."

அவன் ஊரில் ராஜி என்றால் சமாதானம். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பிடியா சொன்னானுங்க? எனக்குத் தெரியுமுங்க, அவன் மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டான்."

மறுநாள் எங்களுக்கு முன்பே போய் மூன்று தட்டு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கி வைத்திருந்தான். ஆலுவாக்காரன் சட்டைப்பையில் மடித்த கடிதத்தோடு வந்தான். அவன் உட்காருவதற்குள் இவன் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ராஜிக்கு நான் ரெடி. தப்பு என் மேலதான்."

தனக்குப் பதில் இவன் விலகுகிறான் என்று நினைத்து ஆலுவாக்காரன் பதறிப்போனான். "நீ வேண்டடா! ராஜி ஞானல்லே பறஞ்ஞது?"

"நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவசரமாக வாய் நிறையப் பழம்பொரியை அடைத்துக்கொண்டேன். வாயில் ஏதாவது இருந்தால் மொழிபெயர்க்கச் சொல்ல மாட்டார்கள். ஆலுவாக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதம் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ அடி விழுந்தது, தாக்குப்பிடித்தோம். போன மாதம் அதே கடையில் டிவி செய்தி: "மந்த்ரி ராஜி வெச்சு."

"மந்திரி யாரோட சமாதானம் ஆயிட்டாருங்க?" என்றான் கோயம்புத்தூர்க்காரன்.

ஆலுவாக்காரனுக்குச் சிரித்துப் புரையேறியது. "சமாதானமல்லடா, ஜோலி விட்டு!"

சிரிப்பு பாதியில் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்களுக்கு ரெண்டு ராஜியும் தெரியுமில்லீங்க?"

"நான் மலையாளம் மீடியமாக்கும். தமிழ் கொஞ்சம் கம்மி," என்றேன். யாரும் நம்பவில்லை.

கோயம்புத்தூர்க்காரன் ஆலுவாக்காரனிடம் மெதுவாகக் கேட்டான். "அப்ப அன்னைக்கு நீ போறதுக்குத்தான் வந்தியா?"

அவன் தலையாட்டினான்.

கோயம்புத்தூர்க்காரன் தன் தட்டிலிருந்த கடைசிப் பழம்பொரியை எடுத்து அவன் தட்டில் வைத்தான். பிறகு என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.