சூடு எட்டாத ஓரம்

என் கணவர் கூலிம் நகரில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். பல வருடங்களாக அவர் உடம்பில் மஞ்சள் காமாலைக் கிருமி உண்டு. அதற்காக வழக்கமாகப் போகும் ஸ்கேனில்தான் ஈரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. வெட்ட வேண்டாம், ஊசியைச் செலுத்திச் சூட்டாலேயே எரித்துவிடலாம் என்றார்கள்.

"ரத்தக் குழாயெல்லாம் கருகிட்டா ஈரலே செத்துடாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

மருத்துவர் எங்கள் தமிழ்ப் பெண். திரையைக் காட்டி நிதானமாகச் சொன்னார். "கட்டியச் சுத்தி இருக்கிற சின்னக் குழாய்ங்கதான்கா உறைஞ்சு அடைச்சிக்கும். அது நல்லதுதான். ரத்தம் நின்னுட்டா சூடு அங்கேயே தங்கும். பக்கத்துல ஓடுற பெரிய குழாய்க்கு ஒண்ணும் ஆகாது, வேகமா ஓடுற ரத்தம் சூட்டை இழுத்துக்கிட்டுப் போயிடும். ஆனா அதை ஒட்டியிருக்கிற கட்டியும் அதனாலேயே தப்பிக்கலாம்."

கடைசி வாக்கியம் என் காதில் ஏறவில்லை. என் கணவர் காதில் ஏறியிருந்தது.

எரித்தபின் எடுத்த ஸ்கேனில் அந்த இடம் ரத்த ஓட்டமில்லாமல் கறுத்திருந்தது. பெரிய குழாயை ஒட்டி மட்டும் நகக்கீறல் போல ஒரு வெளிச்சம். அங்கே கட்டி உயிரோடிருந்தது.

லூனாஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தோம். சாப்பிட உட்கார்ந்ததும் அவர், "இனிமே ஆஸ்பத்திரிக்குப் போகல லா. ரத்தம் ஓடுறவரைக்கும் அது தப்பிச்சிக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கோத்தா கோலா மூடாவுக்குப் போனோம். படகுகள் வரக் காத்திருந்தபோது சொன்னேன்: "உங்களுக்காக வேணாங்க, எனக்காகப் போங்க. தனியா இங்க வந்து நிக்க என்னால முடியாது."

ஆற்றில் வந்த முதல் படகிடம் போய் மீன் வாங்கினார். பிறகு, "சரி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போடு" என்றார்.

இந்த முறை மைக்ரோவேவ் அலையால் எரிக்கலாம் என்றார் மருத்துவர்.

"கோழிக்கறி சூடு பண்ற மாதிரியா?" என்று கேட்டார் இவர்.

மருத்துவர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணே. சூடு சட்டுனு ஏறும். ரத்தம் ஆத்துறதுக்குள்ள அந்த ஓரமும் வெந்துடும்."

மறுபடி எரித்தபின் சில நாள் அவருக்குத் தோள்பட்டை வலித்தது, ஈரல் வலி அங்கேதான் தெரியுமாம்; லேசாகக் காய்ச்சலும் இருந்தது. அடுத்த ஸ்கேனில் அந்த வெளிச்சம் இல்லை. பெரிய குழாயில் ரத்தம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஈரல் அதே கிருமி உள்ள பழைய ஈரல்தான், கட்டி வேறு இடத்தில் வரலாம், ஸ்கேனைத் தவறவிடக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார்.

இப்போது மறுபடி காலை ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார். ஸ்கேனுக்கு முந்தைய நாள் மட்டும் வீட்டில் இருவருமே குறைவாகப் பேசுகிறோம்.